பத்தாவது வீட்டின் முளைக்கட்டைகள்

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் உன்னிடம் எப்போதும் பேச்சைத் தொடங்குவேன். இன்றைக்கு அதைக் கேட்கப் போவதில்லை. நேற்றுப் பின்னேரம் உன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை எடுத்தாய், "அம்மா, அத விடுங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாய், வைத்துவிட்டாய். குரலைப் பதிந்து அனுப்பினால் பாதியிலேயே நிறுத்திவிடுவாய். அதனால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் படம் கீற வைத்திருக்கும் தாள்களில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவளுக்கு, பெற்ற பிள்ளையைப் பேச வைக்கத் தெரியவில்லை பார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மூடி வைக்க உனக்கு மனசு வராது என்று நம்புகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு கலைந்து எல்லாரும் வேலைக்கு ஏறியதும், மண் வெட்டும் மெஷின் நம் புது வீட்டு வரிசைக்கு வருகிறது. வரிசையின் கடைசியில் மலையடியைக் குடைந்து, தண்ணீர் போகும் கானை மேலே தள்ளப் போகிறார்கள். ஏனென்றால் ஆபீசில் நீ கீறிய படத்தில் கான் அங்கேதான் இருக்கிறது. நிஜத்தில் அது அங்கே இல்லை, இருக்கவும் கூடாது. இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை நீ கட்டாருக்குப் பிளேன் ஏறுகிறாய். அதற்கு முன்னால், நாளை அந்த மெஷின் வருவதற்கும் முன்னால், நீ உன் ஆபீஸ் எஞ்சினியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். கடிதம் இவ்வளவுதான். படிக்க நேரமில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடு. நேரம் இருந்தால் மிச்சத்தையும் படி. திட்டும் இருக்கிறது, வேறு ஒன்றும் இருக்கிறது.

அந்தப் பௌர்ணமிப் போயா லீவில் நீ நுவரெலியாவிலிருந்து வந்து, கட்டிலில் சப்பணமிட்டு, மடிமேல் தலையணை, தலையணைமேல் லெப்டொப் என்று உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. பக்கத்தில் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். திரையில் பத்து வீடும் வரிசையாக நின்றன. முன்னால் ரோடு, பின்னால் கான், கானுக்குப் பின்னால் மலை ஏறுவதைக் காட்டும் வளைந்த கோடுகள். "இதுதான்மா நம்ம வீடு" என்று கடைசி வீட்டைக் காட்டினாய். சீட்டுக் குலுக்கியதில் அதுதானே நமக்கு விழுந்திருந்தது. நான் சந்தோஷப்படாமல் குசினியைப் பார்த்தேன். "இதென்னடா குசினி? நான் உள்ள போனா அடுப்ப வெளிய எடுத்து வைக்கணும் போல இருக்கே. வெறகு எங்க அடுக்குறது?" என்றேன். "காஸ் அடுப்பு வாங்கித் தாறேம்மா" என்றாய். "காஸு முடிஞ்சா நீ கட்டார்ல இருந்து ஊதுவியா?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எஞ்சினியரும் எல்லாப் பெண்களும் இதையே சொல்கிறார்கள், கீறிக் காட்டு பார்க்கலாம் என்றிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தாய்.

அம்புக்குறியை ஒரு வீட்டின்மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினாய். மற்ற வீடுகள், ரோடு, கான், மலை எல்லாம் மறைந்து, அந்த ஒரு வீடு மட்டும் திரை முழுக்க நின்றது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஒரு பச்சைக் கட்டத்தை இழுத்து, குசினியின் பின்சுவரை அதற்குள் பிடித்தாய். "இந்தக் கட்டத்துக்குள்ள எந்த மூலை மாட்டுதோ அது மட்டும் நகரும்மா. வெளிய உள்ளது அப்படியே நிக்கும். நடுவில உள்ள கோடு தானா நீளும்" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாய். பின்சுவர் பின்னால் போனது. குசினி பெரிதானது. ஒரு சுவர், ஒரு கல், ஒரு சாந்துச்சட்டி இல்லாமல் வீடு நீண்டுவிட்டது. மாவுக் கையோடு நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை மூடினாய். பத்து வீடும் ஒரே நேரத்தில் பெருத்து நின்றன. "எல்லாம் ஒரே அச்சும்மா, ஒன்ன மாத்தினா பத்தும் மாறும்" என்றாய். எனக்குத் தாங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலரைக் கூப்பிட்டு, "மலரு, ஒனக்கும் பெரிய குசினிடி!" என்று கத்தினேன். அவளுக்கு விழுந்தது ஒன்பதாவது வீடு.

அப்போது நீ "அட" என்றாய். சின்னதாகத்தான். கடைசி வீட்டின் குசினிச் சுவர் கானின் கோட்டின்மேல் ஏறி நின்றதை நீ அப்போதுதான் கண்டிருக்கிறாய். மற்ற ஒன்பது வீட்டுக்கும் பின்னால் இடம் இருந்தது. கடைசியில் மட்டும் கான் ரோட்டுப் பக்கமாக வளைந்து வருகிறது. வீட்டைத் தனியாகத் திறந்து வைத்துக்கொண்டு இழுத்ததால் உனக்கு அது தெரியவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன். "என்னடா?" என்றேன். "ஒன்னுமில்லம்மா, சார்ஜ் எறங்குது" என்று மூடிவிட்டாய். சார்ஜ் வயர் அப்போது சுவரில்தான் குத்தியிருந்தது. அதைப் பார்த்தும் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. குசினி கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

நேற்று உன் ஆபீசிலிருந்து ரிஸ்வான் தம்பி டேப்பும் முளைக்கட்டைகளுமாக வந்தார். உன்னோடு ஒரே மேசையில் வேலை செய்கிறவர் என்பதால் எனக்கும் பிள்ளை மாதிரிதான். முதல் வீடுகளுக்கு அத்திவாரம் போட்டாயிற்று, கடைசி வீடுகளுக்கு மூலை குறிக்கத்தான் வந்திருந்தார். நம் வீட்டு மூலைகளை அவர் அடிக்கும்போது பார்க்கலாம் என்று நானும் போனேன். முன்பக்கத்துக் கட்டைகள் இரண்டும் ரோட்டோரம் ஒழுங்காக நின்றன. பின்பக்கத்துக் கட்டைகள் கானுக்கு அந்தப் பக்கம் இருந்தன. நடுவில், என் குசினி வர வேண்டிய இடத்தில், கான் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் வீடு கட்டும் மேசன் பாசிடம், "இதென்ன பாஸ், குசினிக்குள்ள ஆறா?" என்று கேட்டேன். அந்த மனுஷன் சிங்களமும் தமிழுமாகச் சிரித்துக்கொண்டே, "அக்கா, நாளன்னைக்கி மெஷின் வாறது. கான் மேல போறது. பிளான்ல அப்பிடித்தானே இருக்கி" என்றார். மலையடியில் சுண்ணாம்பு போட்ட இடத்தையும் காட்டினார். 

அந்த இடம் உனக்குத் தெரியாத இடமா? போன வருஷம் மழை விடாமல் கொட்டியபோது, நீ நானுஓயாவுக்கு அந்தப் பக்கம் ரோடு மூடி வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தாய். இங்கே பட்டப்பகலில் சுண்ணாம்பு போட்ட இடத்துக்கு மேலே நிற்கும் சவுக்கு மரத்தடியிலிருந்து மண் வழுக்கி இறங்கியது. பெரிய சத்தம் இல்லை. ஈர மாவு சட்டியிலிருந்து சரிகிற மாதிரி இறங்கியது. நான் பிள்ளைக்காம்பராவில் இருந்த குழந்தைகளை இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். மலரின் சின்ன மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆயா, மலை ஏன் நடக்குது?" என்று கேட்டாள். அந்த மண் கான் வரைக்கும் வந்து, கானில் விழுந்து, தண்ணீரோடு ஓடிவிட்டது. கான் இருந்த இடத்தில் இருந்ததால்தான் கீழே ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வளைவில் இன்னமும் மலை கசிந்துகொண்டுதான் இருக்கிறது, வெயில் காலத்திலும் அங்கே மண் ஈரம். அதன் காலை வெட்டித்தான் நாளைக்குப் புதுக் கான் போடப் போகிறார்கள்.

உனக்குப் போன் எடுத்தது அங்கே நின்றுதான். வைப்பதற்கு முன்னால் நீ வேறு என்ன சொன்னாய்? "கொஞ்சமா நகர்த்தினதுதாம்மா. எஞ்சினியர் பாத்திட்டாரு." அவர், வீடுகளின் படத்தைப் பார்த்திருப்பார், குசினி பெரிதானதைப் பார்த்திருப்பார். பழைய கான் எங்கே இருந்தது என்று படத்தில் எங்கேயும் இல்லையே, அவர் எதைப் பார்ப்பார்? நீ ஒரு கோட்டின் நுனியைப் பிடித்து மலைப்பக்கமாக இழுத்துவிட்டாய். கோடு மறு பேச்சில்லாமல் வந்துவிட்டது. உன் வேலையில் எதையும் இழுக்கலாம், நீட்டலாம், திருப்பலாம், வெட்டலாம், பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் பழையபடி ஆக்கலாம். பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும். ஆனால் இந்த மலையில் வெட்டினது வெட்டினதுதான், மறுபடி ஒட்ட வைக்க ஆளில்லை.

நீ படிக்கிற காலத்தில் இந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவுக்கு நடுவே என் பழைய சேலையைக் கட்டி உனக்கு ஒரு பக்கம், எங்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்திருந்தோம். சேலை மாட்டிய ஆணியை நீ நாலு நாளைக்கு ஒரு தடவை சாண் சாணாக எங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறாய். எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் விடிந்து பார்த்தால் உன் அப்பாவின் கால் இரண்டும் விறகுத் தட்டுக்கடியில் கிடக்கிறது. பிடித்துக் கேட்டபோது, "அப்பா தூங்கத்தானே போறாரு, படிக்கவா போறாரு?" என்றாய். அவர் அன்றிலிருந்து காலை மடக்கிப் படுக்கப் பழகிக்கொண்டார். இதை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நேற்று அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது, சிரிப்பு வரவில்லை. உனக்காகக் காலை மடக்கிக்கொள்ள நாங்கள் இருந்தோம். இந்த மலைக்குக் காலை மடக்கத் தெரியாது, தம்பி.

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. ரிஸ்வான் வேலை முடித்து நம் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வந்திருந்தார். அவர் முன்னாலேயே உன்னைப் பிடி பிடியென்று பிடித்தேன். "வெளிநாட்டுக்குப் போற அவசரம். ஆபீஸ்ல வேல பாத்ததுக்குத் தர்ற சர்வீஸ் கடிதம் கெடைக்காமப் போயிரும்னு பயம். ஒரு கோழையைப் பெத்து வச்சிருக்கேன்" என்றேன். அந்தப் பிள்ளை கோப்பையைக் கீழே வைத்துவிட்டது. "அன்ட்டி, அவனத் திட்டாதீங்க. குசினி பெரிசானப்புறமும் அவன் மொதல்ல சரியாத்தான் கீறினான். நான் பாத்தேன். கானைத் தொடாம, மழைக்குப் பொறகு கட்டாம விடச் சொன்ன எடத்தையும் விட்டு, நல்லாக் கீறியிருந்தான். அதுல ஒம்பது வீடுதான் வருது" என்றார். "பத்தாவது?" என்று கேட்டேன்.  "பத்தாவது நிக்க எடமில்ல அன்ட்டி. சின்னதாக்கிப் போடவும் ஏலாது, எல்லாருக்கும் ஒரே அளவுன்னு மேல முடிவெடுத்திட்டாங்க. முன்னால உள்ள வீட்டுக்கெல்லாம் பெரிய குசினிக்கு அத்திவாரமும் போட்டாச்சு. அந்த ஒம்பது வீட்டுப் படத்தைக் குடுத்தா உங்க பேரு அடுத்த திட்டத்துக்குப் போயிரும். அடுத்தது எப்போன்னு யாருக்குத் தெரியும்? அந்தப் படத்தை ரெண்டு நாள் தொறந்து தொறந்து பாத்துட்டு இருந்தான். பொறகு இதக் கீறிக் குடுத்தான்" என்றார்.

 அவர் போன பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதேன். கட்டாருக்காக என்று நினைத்தேன், நீ எனக்காகச் செய்திருக்கிறாய். எங்களை இந்த லயத்திலேயே விட்டுவிட்டு எப்படிப் பிளேன் ஏறுவது என்று யோசித்திருக்கிறாய். பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஒரு நிமிஷம் மனசு பொங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அதற்கு அடுத்த நிமிஷமே உன்னை அறைய வேண்டும் போல் இருந்தது. ஏனடா, அம்மாவுக்கு ஒரு வீடு வேண்டும் என்றால் அந்த வீட்டின் தலைமேல் மலையை வெட்டித்தான் தருவாயா? சரிந்தால் நம் வீட்டோடு நின்றுவிடுமா? பக்கத்தில் மலர். அவள் சின்ன மகள் மத்தியானத்தில் என் மடியில் படுத்தால்தான் தூங்குவாள். புது வீட்டில் அவள் படுக்கப் போகும் அறை மலைப்பக்கத்து அறை. அதையும் நீதான் கீறினாய், கட்டில் போடும் இடத்தைக்கூடக் குறித்திருக்கிறாய்.

குசினியைக் கேட்டவள் நான். அதை ஒளிக்கவில்லை. ஆனால் குசினிதான் கேட்டேன், எனக்காக ஒரு பொய்யைக் கீறச் சொல்லிக் கேட்கவில்லை. வீட்டைத் தனியாகத் திறந்து, சுற்றிலும் இருப்பது தெரியாமல் சுவரை இழுத்தது ஒரு தவறு. அது யாருக்கும் வரும். அதற்காக உன்னை நான் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டேன். தெரிந்த பிறகு கானை இழுத்தாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேசுகிற ஆட்களை நகர்த்த உனக்குப் பயம். அம்மா அழுவாள், அப்பா முகம் வாடும், எஞ்சினியர் சத்தம் போடுவார். கான் ஒன்றும் பேசாது, அதனால் கானை நகர்த்திவிட்டாய். வெள்ளிக்கிழமை நீ போகிற ஊரில் மலை இல்லை என்கிறாய். மலை இல்லாவிட்டால் என்ன, பேசாத ஏதாவது ஒன்று அங்கேயும் இருக்கும். உன் கை முதலில் அதைத்தான் தேடிப் போகும். அந்தப் பழக்கத்தோடு உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை.

உன் அப்பாவிடம் நேற்றே எல்லாவற்றையும் சொன்னேன். தேயிலை ஸ்டோரில் இலை வாட்டும் மாடியில் ஆயுசு முழுக்கத் தூசியைத் தின்ற மனுஷன், இருமி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அவன் போய்ச் சேரட்டும். அப்புறம் பாத்துக்கலாம். நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இரு." "அப்புறம்னா எப்பங்க? மலர் புள்ளைங்க மேல மண்ணு விழுந்தப்புறமா?" என்றேன். அவர் பெட்டியைத் திறந்து ஒரு பூட்டை வெளியே எடுத்தார். உனக்குத் தெரியாது. சீட்டில் வீடு விழுந்த வாரமே தலவாக்கலைக்குப் போய்ப் புது வீட்டு முன்கதவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்துவிட்டார். கதவு இல்லை, சுவர் இல்லை, பூட்டு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். நேற்றும் துடைத்தார். "எங்கப்பன் இந்த லயத்துலதான் செத்தான்" என்றார்.   எனக்கு மட்டும் அந்த வீட்டின்மேல் ஆசை இல்லையா? இன்னும் எழும்பாத அந்தக் குசினியில் எந்த மூலையில் அம்மி, எந்த மூலையில் தண்ணீர்க் குடம் என்று மனசுக்குள் எத்தனையோ தரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன்.

உனக்கு என்னென்ன போகும் என்பதும் எனக்குத் தெரியும். எஞ்சினியர் கத்துவார். ஆபீசில் அந்தச் சர்வீஸ் கடிதத்தைத் தராமல் போகலாம். அது இல்லாமல் கட்டார்க்காரர்கள் உன்னை எடுக்காமலும் போகலாம். லயம் முழுக்க "என் மகன் வெள்ளிக்கிழமை போறான்" என்று சொல்லித் திரிந்தவள் நான். சனிக்கிழமை நீ இங்கேயே நின்றால் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான், சொல்லிக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, தம்பி.  ஆனால் ஒவ்வொரு மழைக்கும் நீ அங்கே பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, மலை எப்படி இருக்கு?" என்று போன் போட்டுக் கேட்கிற பயத்தைவிட இது பரவாயில்லை. அப்படிக் கேட்கத்தான் போகிறாய். உன்னை எனக்குத் தெரியும்.

இன்று காலையில் நான் ஒன்று செய்தேன். பனி இன்னும் கலையவில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். விறகு பொறுக்கப் போகிற மாதிரி கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு புது வரிசைக்குப் போனேன். காவலுக்கு யாரும் இல்லை, கல்லும் மணலும்தானே இருக்கிறது. நம் வீட்டு மூலைக்கட்டைகளைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை, ரிஸ்வான் கட்டைத் தலைகளில் சிவப்புப் பூசியிருந்தார். முன்பக்கத்துக் கட்டைகள் ஆட்டி ஆட்டி இழுத்ததும் வந்துவிட்டன. பின்பக்கத்துக் கட்டைகளுக்குப் பாடே பட வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் கையோடு வந்துவிட்டன, குழியில் உடனே தண்ணீர் ஊறி நிறைந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச யோசனையும் போய்விட்டது. சுண்ணாம்புக் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்துவிட்டேன். எல்லாக் கட்டைகளையும் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன். நல்ல சவுக்குக் கட்டை, சட்டென்று பிடித்துக்கொண்டது.

தேத்தண்ணி கொதிக்கும்போது உன் அப்பா எழுந்து வந்து பலகையில் உட்கார்ந்தார். அடுப்பில் சிவப்பு பெயின்ட் பொரிந்து மணக்கிறது. "என்ன கட்டை?" என்று கேட்டார். "நம்ம வீடுங்க" என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்து நான் தள்ளி நின்றேன்.  அவர், எரியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டையைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு, "தேத்தண்ணிய ஊத்து" என்றார்.

நாளைக் காலை பாஸ் வந்து பார்ப்பார், கட்டைகள் இல்லை என்பார், படத்தை விரிப்பார், அளந்து மறுபடியும் அதே இடத்தில் அடிப்பார். நான் எத்தனை தடவை பிடுங்கினாலும் உன் படம் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம். அந்தப் பழைய படம், ஒன்பது வீடு இருக்கிற படம், உன்னிடம் பத்திரமாக இருக்கும், நீ எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. அதை எஞ்சினியருக்கு அனுப்பு. அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிடு, அவர் என்ன சொன்னாலும் சேர்ந்து கேட்போம். நான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். மண்ணிலிருந்து பத்தாவது வீட்டை நான் எடுத்துவிட்டேன், தம்பி. படத்திலிருந்து நீ எடு.

அம்மா